பிலாவிளையும் ப்ளாஸனும்

ஆறு வயதுப் பையன் ஒருவனின் பேரோடு, அவனை அவமானப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்துடனேயே ஒரு சொல்லைச் சேர்த்து எழுதினேன். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில், என் கையால், அழகான எழுத்தில். யாரும் சொல்லி எழுதவில்லை. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வாத்தியார் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. இப்போது எழுபத்தொன்பது. இடைப்பட்ட காலத்தில் அதை மறந்திருந்தேன் என்று சொன்னால் பொய். நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

நார்வே போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். ஏரியையும் மலையையும் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த நாட்டில் நான் அதிகமாகப் பார்த்தது பேர்களைத்தான். ஊர்ப்பேர்கள், வீட்டுப்பேர்கள், தபால்பெட்டியில் எழுதிய பேர்கள். அவை என்னைத் திரும்பவும் அந்தப் பதிவேட்டின் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில், ஆளை வீட்டுப்பேரால்தான் அறிவார்கள். வீடு நிற்கும் நிலத்துக்கு ஒரு பேர் இருக்கும். அதுவே வீட்டுக்கும் பேர், அங்கே பிறந்தவர்களுக்கும் முன்னெழுத்து. எங்கள் நிலம் பனச்சமூட்டுக்குத் தெற்கே இருந்தது. நிலத்தின் கிழக்கு மூலையில் ஒரு பெரிய பலாமரம். பலாவை நாங்கள் பிலா என்போம், தோட்ட நிலத்தை விளை என்போம். நிலம் பிலாவிளை, நான் பி. நாகலிங்கம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சர்க்கார் குமாஸ்தாக்கள். அந்தப் பெருமை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

பலாமரத்தடியில் குடிசை போட்டு பொன்னையன் என்பவர் குடும்பத்தோடு இருந்தார். எங்கள் நிலத்தில்தான் வேலை. பிறர் நிலத்தில் அப்படி இருப்பவர்களுக்குச் சட்டம் குடிகிடப்புக்காரர் என்று பேர் வைத்திருந்தது. நிலச் சீர்திருத்தம் வந்தபோது குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் அவருக்குச் சொந்தமாயிற்று. சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தபோது பலாமரம் அந்தப் பத்து சென்டுக்குள் போய்விட்டது. என் அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அடுத்த ஜூன் மாதம் பொன்னையன் தன் மகன் ஞானதாசனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிவந்தார். பதிவேடு என் முன்னால் இருந்தது.

"வீட்டுப்பேரு பிலாவிளைன்னு போட்டா மதி, சாரே," என்றார்.

"அது எங்க வீட்டுப்பேராக்கும்," என்றேன்.

அவர் களங்கமில்லாமல் சிரித்தார். "பிலா இப்ப எங்க முற்றத்திலதானே நிக்குது!"

நான் 'பிலாவிளை குடிகிடப்பு' என்று எழுதினேன். பொன்னையனுக்கு எழுத்து தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டு, "வலிய உபகாரம் சாரே," என்று கும்பிட்டுப் போனார்.

அந்த வகுப்பில் இரண்டு ஞானதாசன்கள். அதனால் வருகைப் பதிவில் வீட்டுப்பேரையும் சேர்த்து வாசிப்பேன். முதல் சில வாரம் "பிலாவிளை குடிகிடப்பு ஞானதாசன்" என்றதும் "ஹாஜர் சார்!" என்று கூரை அதிரக் கத்துவான். பிள்ளைகள் சிரிப்பதன் காரணம் அவனுக்குப் புரிய முதல் பருவ ஓணப்பரீட்சை வரை ஆயிற்று. அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. பேரை வாசித்தால் எழுந்து மட்டும் நிற்பான். நான் தலையை நிமிர்த்திப் பார்த்து, ஒரு குறி போட்டு, அடுத்த பேருக்குப் போவேன். அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் நானே அவனுக்கு வகுப்பாசிரியர்.

இனி நார்வே.

மகள் உமா அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். மனைவி இறந்தபின் நான் நெய்யாற்றின்கரையில் தனியாக இருப்பது அவளுக்குச் சரிப்படவில்லை. கோடையில் இரண்டு மாதம் வந்து இருங்கள் என்றாள். ஆஸ்லோவிலிருந்து ரயிலில் வடக்கே போனோம். பக்கத்தில் ஒரு பெரிய ஏரி கூடவே வந்தது. ஹமார் என்ற ஊரில் இறங்கும்போது உமா சொன்னாள், "அப்பா, ஹமார்னா பாறை." பாறசாலை ஸ்டேஷனில் ஏறி இறங்கி ஆயுளைக் கழித்தவன் பாறைக்கே வந்து இறங்கியிருந்தேன். பாறசாலையின் பேருக்கு அறிஞர்கள் வேறு காரணமும் சொல்வார்கள். அன்று எனக்கு என் காரணம் போதும். அதே ரயில் மேலே போய்ச் சேரும் ஊர் லில்லேஹம்மர். சின்னப் பாறை. பெரிய பாறையோடு குழப்பிக்கொள்ளாமலிருக்க அப்படிப் பேராம். நம் ஊரில் மேலே, கீழே என்று சேர்த்துக்கொள்வதைப் போலத்தான்.

உமாவின் வீடு ஹமாரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம், ஏரியைப் பார்த்த சரிவில் இருந்தது. முதல் மூன்று நாள் சாப்பாட்டோடு போராடினேன். நான் மீன்கூடச் சாப்பிடாத சைவன். அவர்களுக்கோ மீன் இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை. உருளைக்கிழங்கு காப்பாற்றியது. பழுப்பு நிறத்தில் ஒரு சீஸ் இருக்கிறது. அடுப்பில் மறந்துபோய் லேசாகப் பிடித்துவிட்ட பால்கோவாவில் உப்புப் போட்டால் எப்படியோ, அப்படி. முதல் நாள் முகம் சுளித்தேன். ஐந்தாம் நாள் யாரும் பார்க்காதபோது வெட்டித் தின்றேன்.

நான்காம் நாள் காலை நடக்கப் போனேன். சாலைத் திருப்பத்தில் ஒரு மரப்பலகையில் வரிசையாகத் தபால்பெட்டிகள் நின்றன. அங்கே தபால்காரர் வீடு வீடாக ஏறுவதில்லை. சாலையோரப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். பெட்டிகளில் பேர்கள்: பாக்கென், ஹௌகென், ஹான்ஸென், ஓடெகோர், ப்ளாஸன். வாத்தியார் புத்தி, நின்று ஒவ்வொன்றாக உரக்க வாசித்தேன்.

"ப்ளாஸன் இங்கே இருக்கிறேன்," என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

நெட்டையான கிழவர், கையில் வாளி, வாளியில் பறித்த ருபார்ப் தண்டுகள். அவர் ஊலே ப்ளாஸன். உமாவின் அடுத்த வீட்டுக்காரர். நாற்பது வருஷம் அந்தச் சரிவில் தபால் கொண்டுபோனவர். அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே தரம், அதனால் பேச்சு நன்றாக நடந்தது. அவர் சொன்னவற்றைத் தமிழில் தருகிறேன்.

"யாரைத் தேடுகிறீர்கள்?"

"யாரையும் தேடவில்லை. வருகைப் பதிவு எடுத்தேன்."

அவர் சிரித்துவிட்டு, பேர்களுக்குப் பொருள் சொன்னார். பாக்கென் என்றால் மேடு, ஹௌகென் என்றால் குன்று. ரூட் என்று முடியும் பேரெல்லாம் காடு வெட்டித் திருத்திய இடம். எல்லாம் பண்ணைகளின் பேர். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அதுவே குடும்பப்பேர் ஆயிற்று. ஹான்ஸென்னுக்கு மட்டும் ஹான்ஸின் மகன் என்று பொருள்.

"அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரி ஒரு கிழவி. அவள் யாருக்கும் மகன் இல்லை," என்றார்.

"ஓடெகோர்?"

"ஆளில்லாமல் கைவிட்ட பண்ணை. பல நூற்றாண்டுக்கு முன் பிளேக் வந்து பாதி நாடு செத்தது. வீடுகள் காலியாகக் கிடந்தன. பிறகு யாரோ வந்து குடியேறினார்கள். பேர் மட்டும் மாறவில்லை. இப்போது அந்த வீட்டில் ஏழு பிள்ளைகள், காது பொறுக்காத சத்தம். பேர் ஆளில்லா வீடு!"

நான் அவருக்கு எங்கள் விளைகளைச் சொன்னேன். பனச்சமூடு என்றால் பனைமரத்தின் அடி. மாவிளை, புளியவிளை, குன்னுவிளை. மரமும் மேடும் இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஆளுக்குப் பேரே கிடையாது. "அப்படியானால் உங்கள் பண்ணையின் பேர் என்ன?" என்று கேட்டார். "பிலாவிளை," என்றேன். பலாப்பழத்தை விளக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. ஒரு பழம் பதினைந்து கிலோ இருக்கும் என்பதை அவர் இன்றுவரை நம்பவில்லை.

மறுநாள் தனியாக ஹமாருக்குப் பஸ்ஸில் போனேன். போனது பெரிய காரியம் இல்லை, திரும்பியதுதான் காரியம். பாக்கென் நிறுத்தத்தில் இறங்கச் சொல்லியிருந்தாள் உமா. பஸ்ஸில் "பாக்கென்" என்று குரல் ஒலித்ததும் இறங்கினேன். ஏரியும் இல்லை, தபால்பெட்டியும் இல்லை. ஒரு மேடு, அதில் பன்னிரண்டு பசுக்கள், தூறல். அது வேறு பாக்கென். ஒரு மணி நேரம் கழித்து அதே பஸ் திரும்பி வந்தது. ஓட்டுநர் ஒரு பெண். நான் நனைந்த கோழியாக ஏறுவதைப் பார்த்து, "மேடுகளைப் பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். காசு வாங்கவில்லை. ஹீட்டருக்குப் பக்கத்து இருக்கையைக் காட்டினாள். எங்கள் பஸ்ஸில் இப்படி ஒருவன் குன்னுவிளையில் தப்பாக இறங்கினால் கண்டக்டர் என்ன பேசியிருப்பான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை ஊலே வாஃபிள் சுட்டுக் கூப்பிட்டார். பூ வடிவத்தில் மெத்தென்ற ஆப்பம். மேலே பழக்கூழ், அந்தப் பழுப்புச் சீஸ். அவர் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பழைய காகிதம் தொங்கியது. தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு பக்கம், நகல். பாதிரியாரின் எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"இது என் கொள்ளுத்தாத்தா," என்று ஒரு வரியைத் தொட்டார். "பேருக்குப் பிறகு பெர்க்ஸ்-எய்யே என்று இருக்கிறது பாருங்கள். பெர்க் என்பது பெரிய பண்ணை. இவர்கள் அதன் மூலையில் குடிசை போட்டு இருந்தவர்கள். குடிசைக்கு வாடகையாகப் பண்ணையில் வேலை செய்ய வேண்டும். பண்ணைக்காரன் பிள்ளைக்குப் பாதிரியார் பெர்க் என்று எழுதுவார். குடிசைக்காரன் பிள்ளைக்குப் பெர்க்ஸ்-எய்யே. பெர்க்கின் உடைமை என்று பொருள்."

வாஃபிளைத் தட்டில் வைத்துவிட்டு, அந்தச் சொல்லை மறுபடி காட்டச் சொன்னேன். ஊலே விரல் வைத்துக் காட்டினார்.

"பின்னால், எல்லாருக்கும் நிலையான குடும்பப்பேர் வேண்டும் என்று சட்டம் வந்தது. கொள்ளுத்தாத்தாவுக்கு மூன்று மகன்கள். பெரியவர் பெர்க் என்று வைத்துக்கொண்டார். பண்ணைக்காரர் சாகும்வரை அவரோடு பேசவில்லை. அடுத்தவர் அப்பா பேரோடு ஸென் சேர்த்துத் தப்பித்தார். என் தாத்தா கடைசி. குடிசைக்காரனுக்கு விட்ட இடத்துக்கு ப்ளாஸ் என்று பேர். அவர் அதையே எடுத்துக்கொண்டார். ப்ளாஸன்."

"வெட்கமாக இல்லையா அவருக்கு?"

"கேட்டேன். 'நான் பிறந்த இடம் அதுதானே, வேறு எதை எழுத?' என்றார்."

நான் பாதிரியாரின் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்கு விரோதம் எதுவும் இருந்திருக்காது. வழக்கப்படி எழுதினார். நான் அப்படி எழுதவில்லை.

அடுத்த வாரம்தான் அது நடந்தது. மதியச் சாப்பாட்டு மேஜையில் உமா மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்து நர்ஸ் பெண்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதில் ஒரு பெண் நார்வேயில் வேலைக்கு வர முயற்சி செய்வதாகவும், அந்த நாட்டு மொழியை இரண்டு வருஷமாகப் படிப்பதாகவும், கெட்டிக்காரி என்றும் உமா முன்பே சொல்லியிருந்தாள். அவளுடைய காகிதங்கள் வந்திருந்தன.

"அப்பா, இந்தப் பெண்ணுக்க பேர்ல நம்ம வீட்டுப்பேர் இருக்கு, பாருங்க."

பாஸ்போர்ட் நகல். பேர் ஜெசி. குடும்பப்பேர் என்ற இடத்தில், பெரிய ஆங்கில எழுத்தில், பிலாவிளை குடிகிடப்பு. கீழே தகப்பன் பேர் ஞானதாசன்.

எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு உடனே புரிந்தது. நான் எழுதிய சொல் பதிவேட்டிலிருந்து அவனுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குப் போனது. அங்கிருந்து மகளுக்கு பி.கே. என்று முன்னெழுத்தாயிற்று. பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை விரித்து எழுத வேண்டும். விரித்தார்கள்.

"குடிகிடப்புன்னா என்னப்பா? இங்க வந்தா பேட்ஜ்ல, கதவில, தபால்பெட்டியில எல்லாம் இதுதான் வரும். வாயில நுழையாதே."

அவள் நெய்யாற்றின்கரை டவுனில் வளர்ந்தவள். பிலாவிளை அவளுக்கு ஒரு முன்னெழுத்து மட்டும்தான். நான் சொன்னேன். பலாமரம், சங்கிலி, பொன்னையன், பதிவேடு, வருகைப் பதிவு.

"நீங்களா?" என்றாள். பிறகு, "அஞ்சு வருஷம், தினமும் வாசிச்சீங்களா?"

"ஆமா."

எழுந்து, கழுவி வைத்த தட்டுகளையே திரும்பவும் கழுவினாள். "இந்தப் பிள்ளை நாளைக்கு என்னை விளிப்பா. அக்கா அக்கான்னு விளிப்பா. நான் எந்த வாயால பேசுவேன்?"

மறுநாள் ஊலேவிடமும் சொன்னேன். மகளிடம் சொன்னபின் யாரிடமும் சொல்லலாம் என்று ஆகிவிட்டது. தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். என்னைக் கண்டிக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஒன்று கேட்டார். "இப்போது அந்தப் பண்ணையில் யார் இருக்கிறார்கள்?"

"எங்களில் யாரும் இல்லை. பங்கு வைத்து விற்றுவிட்டோம். ரப்பர் நிற்கிறது, ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. பழைய ஆட்களில் அந்தக் குடும்பம் மட்டும்தான்."

"அப்படியானால் பிலாவிளை அவர்கள்தான்," என்றார், அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்பதுபோல. "இங்கே முற்காலத்தில் வீடு மாறினால் பேரும் மாறும். நீங்கள் நகரத்துக்குப் போனவர்."

இன்னொன்றும் சொன்னார். மிகச் சில குடும்பங்களுக்கு மட்டும் உள்ள பேரை வேறொருவர் எடுத்துக்கொள்ள விரும்பினால், அந்தப் பேர்க்காரர்கள் சம்மதம் எழுதித் தர வேண்டும் என்று அங்கே சட்டமாம். அப்படிப்பட்ட கடிதங்களை அவரே சுமந்திருக்கிறாராம்.

ஊலே சொன்ன இரண்டில் எனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டேன். சம்மதக் கடிதம். ஊர் திரும்பியதும் முத்திரைத்தாள் வாங்கி, 'எங்கள் குடும்பப்பேராகிய பிலாவிளையை ஞானதாசனும் அவர் மக்களும் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை' என்று தட்டச்சு செய்து கையொப்பமிட்டேன். ஜெசியின் காகிதங்களைத் திருத்தும் செலவையும் அலைச்சலையும் நானே ஏற்பதாகவும் சேர்த்தேன். படித்துப் பார்த்தபோது பெருந்தன்மையாகவே தெரிந்தது.

பனச்சமூட்டில் பஸ்ஸை விட்டிறங்கி ஆட்டோக்காரனிடம், "பிலாவிளைக்குப் போகணும்," என்றேன்.

"ஞானதாசண்ணனுக்க வீடா? ஏறுங்க."

நாற்பது வருஷம் கழித்துப் போகிறேன். வழியெல்லாம் ரப்பர். கல்யாண மண்டபத்தைத் தாண்டி ஆட்டோ நின்றது. பலாமரத்தின் தலை மதிலுக்கு மேலே தெரிந்தது. கேட்டில் கருங்கல் பலகை. அதில் பெரிய எழுத்தில் வெட்டியிருந்தது: பிலாவிளை. வேறு சொல் எதுவும் இல்லை. எழுத்துப் பள்ளங்களில் பாசி பிடித்திருந்தது. நேற்று வைத்த கல் இல்லை.

உள்ளே முற்றத்தில் ஏத்தன் வாழைக்குலைகள் அடுக்கியிருந்தன. நரைத்த தலை, கைலி, கழுத்தில் துண்டு. குலைகளை எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து உடனே அடையாளம் கண்டுகொண்டார். இனி நான் அவரை அவன் என்று எழுத முடியாது.

"நாகலிங்கம் சாரா? சாவல்லியா நீரு?"

"இல்லை," என்றேன்.

"செரி, இரியும். ஏ மக்கா, சாருக்கு ஒரு கட்டன் போடு," என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

பால் விடாத கட்டன்காப்பியோடு வந்தது ஜெசி. உமா காட்டிய பாஸ்போர்ட் முகம். நான் யார் என்று சொன்னேன். உமாவின் அப்பா என்பதையும் சேர்த்து. அந்தப் பெண்ணின் கை ஒரு கணம் நின்றது, பிறகு டம்ளரை வைத்தது. நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு முத்திரைத்தாளை நீட்டினேன். ஞானதாசன் வாங்காமல், "கண்ணாடி எடுக்கல்ல. மோளே, நீ வாசி, கேக்கட்டு," என்றார்.

அவள் வாசித்தாள். 'ஆட்சேபம் இல்லை' என்ற இடத்தில் அவர் கை காட்டி நிறுத்தினார்.

"ஆட்சேபம் இல்லியாம். கேட்டியா மோளே?" சிரித்தார், சிரிப்பு நிற்க நேரமாயிற்று. "சாரே, நீரு இப்ப எங்க தாமசம்?"

"நெய்யாற்றின்கரை."

"வீட்டுக்கு என்ன பேரு?"

"சிவசக்தி."

"பின்னே? பிலாவிளைக்கு அனுமதி தர நீரு ஆரு? வீடு வச்ச அன்னைக்கே கல்லு வச்சாச்சு. பஞ்சாயத்தில கேட்டேனா, பள்ளியில கேட்டேனா? பிலாகிட்டகூடக் கேக்கல்ல."

ஊலே சொன்னதில் நான் எடுக்காமல் விட்ட பாதி என் முன்னால் வந்து உட்கார்ந்தது. நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் சிரிப்பு நின்றது.

"அப்பன் சாகுறது வரைக்கும் புக்கில பிலாவிளைன்னுதான் கெடக்குன்னு நெனச்சாரு. எங்க சாரு எழுதித் தந்தாருன்னு எல்லாருகிட்டயும் சொல்லுவாரு. நான் வாசிக்கப் படிச்ச பிறவுதான் என்ன எழுதியிருக்குன்னு பாத்தேன். அவருகிட்ட பறயல்ல. இருபது வருஷம் பறயல்ல. ஒமக்குத் தெரியுமா அது?"

தெரியாது என்றேன்.

"மக்களுக்க பேர மாத்தப் போனா, எனக்க சர்ட்டிபிக்கேட்டுல உள்ளதோட ஒத்துவரணும்னு ஆபீசில திருப்பி விட்டான். ரெண்டு வாட்டி. பிறவு போகல்ல."

"இப்போது நான் கூட நின்று மாற்றித் தருகிறேன். நான்தான் எழுதினேன் என்று சாட்சி சொல்கிறேன்," என்றேன்.

ஜெசிதான் பதில் சொன்னாள். "வேண்டாம் சார். பாஸ்போர்ட்ட மாத்தினா எல்லாம் முதல்லேருந்து தொடங்கணும். ஆறு மாசம் போவும். எனக்கு அந்த வேலை வேணும்."

"அங்கே கதவிலும் பெட்டியிலும் இந்தப் பேர்தான் இருக்கும், அம்மா."

"இருக்கட்டும். எனக்கு நாணக்கேடு ஒண்ணும் இல்ல. நாணப்பட வேண்டிய ஆளு நானில்லியே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு, என் மகளுக்கு அடுத்த வீட்டில் ப்ளாஸன் என்று ஒருவர் இருப்பதைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. "ப்ளாஸா? அப்பா, நான் படிச்ச பாடத்தில உண்டு. பெரிய பண்ணையில குடிசை போட்டுக் கிடந்த ஆளுக்க இடம். நம்ம குடிகிடப்புதான். அங்கயும் உண்டு!"

"அங்கயும் உண்டா?" என்றார் ஞானதாசன். பிறகு என் கையிலிருந்த தாளைக் காட்டினார். "சாரே, இதுல நீரு தாறதுதான் இருக்கு. நீரு செய்தது ஒண்ணும் இல்லியே. பின்பக்கம் வெறும் கடலாசுதானே? நடந்தத எழுதித் தாரும். எழுதினது நீரு, எதுக்கு எழுதினீரு, அப்பன் என்ன கேட்டாரு. எல்லாம். இவ பையில கெடக்கட்டு. அங்க ஆராவது பேருக்கு அர்த்தம் கேட்டா இவ காட்டட்டு."

அந்த முற்றத்திலேயே, முட்டியில் தாளை வைத்து எழுதினேன். பதிவேட்டில் எழுதிய அதே கைதான். ஒரு பக்கம் வந்தது. அவர் உள்ளே போய்க் கண்ணாடி எடுத்துவந்து முழுவதும் வாசித்தார். "'சிரித்தபடி எழுதினேன்'னு இதுல இல்லியா?" என்று கேட்டார். "சிரிக்கவில்லை. கோபமாகத்தான் எழுதினேன்," என்றேன். "ம். அப்ப செரி," என்று மகளிடம் கொடுத்தார்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கேட் வரைக்கும் வந்தார். அவ்வளவுதான்.

ஜெசி பிப்ரவரியில் போனாள். உமாவின் வீட்டு மாடி அறையைத்தான் எடுத்துக்கொண்டாள். போய்ச் சேர்ந்த வாரமே இருவருக்கும் நடுவில் எல்லாம் பேசி முடிந்திருக்கிறது. என்ன பேசினார்கள் என்று உமா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மார்ச்சில் உமா ஒரு படம் அனுப்பினாள். சாலைத் திருப்பத்தின் தபால்பெட்டிகள், ஒவ்வொன்றின் தலையிலும் பனித் தொப்பி. ப்ளாஸனுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பச்சைப் பெட்டி. அதில் வெள்ளைச் சாயத்தில், ஆங்கில எழுத்தில், ஜெசி பிலாவிளை குடிகிடப்பு. இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருங்கியிருந்தன. எழுதியது ஊலே. எழுதுவதற்கு முன் எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாராம். என் தாளில் இருந்ததை ஜெசி மொழிபெயர்த்துச் சொன்னாளாம். அவர் தன் வீட்டுச் சுவரிலிருந்த காகிதத்தைக் கழற்றி அவளிடம் காட்டினாராம்.

மறுநாள் ஞானதாசன் போன் செய்தார். முதல் தடவை.

"சாரே, படம் கண்டீரா?"

"கண்டேன்."

"அப்பனுக்க குடிசைய அவ அங்க கொண்டு நட்டுட்டா," என்றார். "நான் ஒண்ணும் மறக்கல்ல, கேட்டீரா. ஆனா பிலா காய்ச்சுக் கெடக்கு. ஒரு சக்க பழுத்து நிக்குது. வாறீருன்னா வாரும். வந்தா, கேட்டில எழுதியிருக்குறத வாசிச்சிட்டு உள்ள வாரும். பழைய மாதிரி, சத்தமா."

போனேன். ஆட்டோவை அனுப்பிவிட்டு கேட்டின் முன்னால் நின்றேன். ஒரு பெண் ஆட்டை இழுத்துக்கொண்டு போனாள். அவள் போகட்டும் என்று காத்திருக்க நினைத்து, காத்திருக்காமல் வாசித்தேன்.

"பிலாவிளை ஞானதாசன்!"

ஆட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். இன்னொரு தடவை வாசிக்கலாமா, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். பலாமரத்தடியிலிருந்து, அறுபது வயதுக் குரல், கூரை அதிர வந்தது.

"ஹாஜர்!"

சார் என்று அவர் சேர்க்கவில்லை. நான் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.